குழிக்காகத் தேர்தலில் நின்றவள்

குழி வெட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலையில் வந்தார்கள், மளமளவென்று வெட்டினார்கள், குழாயைப் பதித்தார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மூடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நகர்மன்றத்து ஆட்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். அந்தச் சாப்பாடு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது.

குழி இருந்தது குஷன்காரம்மாவின் வீட்டு வாசலில். படியை விட்டு இறங்கினால் குழிதான். வீட்டின் முன்னறையே அவளுக்குக் கடை. சோபா, ஆபீஸ் நாற்காலி, வண்டி சீட் என்று பிய்ந்துபோனது எதுவானாலும் பிரித்து, பஞ்சு மாற்றி, புதுத்துணி இழுத்து ஆணி அடித்துக் கொடுப்பாள். சின்ன ஆணிகளை வாய்நிறையப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதனால் கடைக்கு வருகிறவர்கள் பேசுவார்கள், அவள் தலையாட்டுவாள். குழி வந்த பிறகு, மேலே ஒரு பலகையைப் போட்டு அவள் போய்வந்துகொண்டிருந்தாள். சோபாக்காரர்கள் எதிர்ப்பக்கம் நின்று தூக்கி நீட்டுவார்கள், இவள் இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்வாள்.

அவளுக்குப் பலகை போதும். அவள் கணவருக்குப் போதாது. தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, குழி வருவதற்குச் சற்று முன்னால், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய மனிதரைச் சோப்பு கவிழ்த்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்த டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தினமும் வெளியே போய் நடக்கணும். வீட்டுக்குள்ள சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நகர்றது நடையில்ல. நடக்காம விட்டீங்கன்னா கால் இறுகிடும். அப்புறம் சக்கர நாற்காலிதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான்கு காலுள்ள வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பலகை மேல் நடக்க சர்க்கஸ்காரனாலும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விடுகிறோம் என்றார்கள். "நாலு பேர் தூக்கிட்டுப் போற நேரம் எனக்கு இன்னும் வரலை" என்று டிரைவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் பொறுக்கமாட்டாமல் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார். மறுநாள் பொழுது விடியுமுன் மன்றத்து மேஸ்திரி ஆட்களோடு வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். வளர்ச்சிப் பணி நடைபெறும் இடத்தைத் தனியார் மூடுவது குற்றம், மறுபடி செய்தால் வழக்கு வரும் என்று வாத்தியாருக்கு எச்சரிக்கை. அந்த அலுவலகத்தால் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ய முடியும் என்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது. கையோடு, 'வளர்ச்சிப் பணி நடைபெறுகிறது' என்று ஓர் அறிவிப்புப் பலகையும் நட்டார்கள். மழையில் எழுத்து அழிந்தபோது ஆள் வந்து அழகாக மறு வர்ணம் பூசிவிட்டுப் போனான்.

குஷன்காரம்மா புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு போய்க் கேட்டாள். பிறகு அடிக்கடி போய்க் கேட்டாள். நடந்து நடந்து அவள் கால்தான் தேய்ந்தது. கடைசியில் ஒருநாள் மன்றச் செயலாளரே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, மேசைமேல் ஒரு தூசு கிடையாது, யாரிடமும் முடியாது என்று சொல்லாத மனிதர்.

"உங்க புகார் ரொம்ப நல்ல புகார்ம்மா. தெளிவா எழுதியிருந்தீங்க. நாங்க எல்லாரும் படிச்சுப் பாராட்டினோம்."

"அப்ப மூடிடலாமே சார்?"

"மூடறதுக்கு மன்றத்துல தீர்மானம் வரணும். அதை உங்க வார்டு உறுப்பினர்தான் கொண்டுவரணும்."

"எங்க வார்டுக்கு உறுப்பினர் யாரு சார்?"

"காலியிடம்" என்றார் செயலாளர், ஒரு மனிதரின் பெயரைச் சொல்வதுபோல. இருந்தவர் மகளோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாராம்.

"பக்கத்து வார்டுக்காரங்க யாராவது எங்களுக்காகச் சொல்லக் கூடாதா?"

"அடுத்தவங்க குழியைப் பத்திப் பேசறது அநாகரிகம்மா. எங்க மன்றத்துல அநாகரிகத்துக்கு இடமே கிடையாது."

"அப்ப தேர்தல் வைங்க."

"வெக்காம இருப்போமா? பல தடவை அறிவிச்சோம். நிக்க ஒருத்தரும் வரலை." செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேணும்னா நீங்க நில்லுங்களேன்."

எழுந்து போ என்பதை நாகரிகமாகச் சொல்லத்தான் அவர் அப்படிச் சொன்னார். குஷன்காரம்மாவுக்கு அந்த நாகரிகம் புரியவில்லை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு குழியை மூட எலெக்‌ஷன்ல நிக்கணுமா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதையா இருக்கே."

"நேரா தொட விட்டா நான் ஏன் சுத்தறேன்?"

"உனக்கு மேடையில பேச வருமா? வாயைத் திறந்தா ஆணிதான் விழும்."

அவள் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் காலருகே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். முழங்காலை மடக்கப் பார்த்தாள். முன்வாரம் மடங்கிய அளவுக்கு இன்று மடங்கவில்லை. அது அவருக்கும் தெரிந்தது.

"வலிக்குதாங்க?"

"வலிச்சாத் தேவலையே. என் கால் மாதிரியே இல்ல. யாரோ பார்த்துக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போன கால் மாதிரி இருக்கு" என்றார்.

அவளுக்குப் பயம் பிடித்தது. பதவி ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. எத்தனையோ பெரிய நாற்காலிகளைக் கிழித்துப் பார்த்தவள், உள்ளே இருப்பது பழைய பஞ்சும் கந்தலும்தான் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கால் இறுகிக்கொண்டு வந்தது. மறுநாள் போய், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நகர்மன்றம் திடுக்கிட்டுப் போனது. இருந்தாலும் மரபை விட முடியுமா? வேட்பாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது மரபு. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, அத்தனை நாற்காலிக்கும் நடுவில் குஷன்காரம்மாவை ஒருத்தியாக உட்கார வைத்தார்கள். மன்றத் தலைவர் மேடையேறினார். கனத்த உடம்பு, கரகரத்த குரல்.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் வேட்பாளர்களே!" என்று தொடங்கினார். குஷன்காரம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பதவின்னா சுகம்னு வெளியில நினைக்கறாங்க. அது முள்படுக்கை. அதுல படுத்துப் படுத்து என் முதுகே மரத்துப்போச்சு. இனிமே வீட்டு மெத்தையில படுத்தா எனக்குத் தூக்கம் வராது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் நிக்கறேன். நான் விலகிட்டா இன்னொருத்தர் வந்து அந்த முள்ளுல படுக்கணுமே! அந்தப் பாவம் எனக்கெதுக்கு? அதனாலதான் எனக்கப்புறம் என் மகனையே படுக்க வைக்கலாம்னு இருக்கேன்."

செயலாளர் கைதட்டினார். தலைவர் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்.

"குழியை எப்ப சார் மூடுவீங்க?"

தலைவர் வருத்தமாக அவளைப் பார்த்தார். "அதைக் குழின்னு சொல்லாதீங்கம்மா. மனசு வலிக்குது. ரோடு சமமா இருந்தா ஜனங்க பாட்டுக்கு நடந்து போயிடுவாங்க. நிர்வாகம்னு ஒண்ணு இருக்கறது யாருக்கு ஞாபகம் வரும்? நான் தலைவரா வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்குத் தடுக்கி விழறவன் ஒவ்வொருத்தனும் என் பேரைத்தானே சொல்றான்?"

அடுத்து செயலாளர் கைதூக்கும் பயிற்சி கொடுத்தார். தோள்வரை தூக்கினால் ஆதரவு. காதுவரை தூக்கினால் முழு ஆதரவு. இரண்டு கையையும் தூக்கினால் பெருமகிழ்ச்சியோடு ஆதரவு. குஷன்காரம்மா தூக்கித் தூக்கி இறக்கினாள். முழங்கையை மடக்கக் கூடாது என்று திருத்தினார்.

"எதிர்ப்புன்னா எப்படி சார் தூக்கணும்?"

செயலாளர் யோசித்தார். "இதுவரைக்கும் தேவைப்படலைம்மா. யாராவது கேட்டாங்கன்னா அதுக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணலாம்."

வேட்பாளர் ஒரு கூட்டத்தையாவது பின்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும் என்பதும் மரபு. போனாள். மன்றக் கூட்டத்தில் முதல் வேலை, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பது. சென்ற கூட்டத்தில் நடந்தது என்னவென்றால், அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்தது. எனவே அதையும் சேர்த்து வாசித்தார்கள். அதற்கும் முந்தையது அதற்குள் இருந்தது. வாசிப்பவருக்குத் தொண்டை கட்டியதும் இன்னொருவர் வந்து தொடர்ந்தார். உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், சிலர் குறட்டையோடு. சாப்பாட்டு மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், கூட்டம் முடிந்தது.

பக்கத்தில் இருந்த முதிய உறுப்பினரிடம், "வேற விஷயமெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"முன்னெல்லாம் குறிப்பு சின்னதா இருந்துச்சு. ஒரு தடவை ரெண்டாவது விஷயத்துக்கே போயிட்டோம்" என்றார் அவர். "அன்னிக்கு எல்லாருக்கும் தலைவலி."

"அப்ப நான் ஜெயிச்சு வந்தாலும் பேசவே முடியாதா?"

"ஏன் முடியாது? புதுசா வர்றவங்க முதல் கூட்டத்துல, குறிப்பு வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பேசலாம். அது மரபு. அதுக்கப்புறம் பதவி முடியறவரைக்கும் பேசக் கூடாது. அதுவும் மரபுதான்."

ஒரே ஒரு விஷயம் போதும். அவளிடம் இருந்ததும் அந்த ஒன்றுதான். வீட்டுக்கு வந்து டிரைவரிடம் சொன்னபோது அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பேசிட்டு வா. நான் எங்க போயிடப்போறேன்?" என்றார். அந்தக் குரலில் பழைய கிண்டல் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

வேட்புமனுவைப் பரிசீலிக்கும் நாளில் செயலாளர் மிகவும் சங்கடப்பட்டார். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஒரே ஒரு தடங்கல். மன்றத்து மேல நிலுவையில புகார் வெச்சிருக்கறவங்க மன்றத்துக்கு நிக்க முடியாது. குறையோட வந்து உக்கார்ந்தா நடுநிலை கெட்டுடும் பாருங்க."

"குறை இருக்கறதாலதானே சார் நிக்கறேன்?"

"அதேதாம்மா எங்க கஷ்டமும். குறை இல்லாதவங்க நிக்க வர மாட்டேங்கறாங்க. குறை இருக்கறவங்க நிக்க முடியாது. அதனாலதான் அந்த இடம் காலியாவே இருக்கு." மழை ஏன் மேலிருந்து கீழே பெய்கிறது என்று விளக்கும் பொறுமையோடு அவர் இதைச் சொன்னார். பிறகு வழியும் சொன்னார். புகாரைத் திரும்பப் பெறலாம். வெறுமனே பெற முடியாது, குறை நீங்கிவிட்டது, அப்படியொரு குழியே இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். பொறியாளர் நேரில் வந்து பார்த்து அதை உறுதி செய்வார்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "கண்ணு முன்னாடி இருக்கற குழியை இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

"இல்லைன்னு சொன்னா குழி என்ன கோவிச்சுக்கவா போகுது?" என்றார் டிரைவர். "அது ஒண்ணுதான் நம்மகிட்ட நேர்மையா இருக்கு. இருக்கேன்னு சொல்லிட்டு இருக்கு."

"பொய்தானேங்க?"

"பொய்தான். நான் மட்டும் டெப்போவுல பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வண்டியை எடுத்ததில்லையா? எழுதிக் குடுக்கலைன்னா வண்டி கிளம்பாது. கிளம்பினப்புறம் ஓட்டறது நம்ம கையில. போய்ச் சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டு வந்தாள். பொறியாளர் ஆய்வுக்கு வந்தார். தெருவிலிருந்தபடியே ஆய்வு செய்திருக்கலாம், ஆனால் கடமை உணர்ச்சி உள்ள மனிதர், பலகையில் கால் வைத்தார். பலகை புரண்டது. முழங்கால்வரை சேற்றில் போய்விட்டார். குஷன்காரம்மா கையைக் கொடுத்து இழுத்தாள், எதிர்வீட்டு வாத்தியார் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார். மேலே ஏற்றி, படியில் உட்காரவைத்து, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

பொறியாளர் காற்சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "குறை நீங்கிடுச்சுங்களா?"

"நீங்கிடுச்சுங்க சார்."

"சம்பவ இடத்துல குழி ஏதாவது இருக்குதுங்களா?"

குஷன்காரம்மா குழியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். "இல்லைங்க சார்."

"நானும் கவனிச்சேன். இல்லைதான்" என்று எழுதிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு கிளம்பினார். போகும்போது ஜாக்கிரதையாகப் பலகை வேண்டாமென்று பக்கத்து வீட்டுச் சுவர் ஏறிக் குதித்துப் போனார்.

எதிர்த்து நிற்க ஆளில்லாததால் அவள் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். மக்கள் பேரலையாகத் திரண்டு தீர்ப்பளித்துவிட்டார்கள் என்று தலைவர் அறிக்கை விட்டார். தெருவில் எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள், குழிக்கு அந்தப் பக்கம் நின்றபடி. அவளுக்கு அதில் சந்தோஷப்படக்கூட அசதியாக இருந்தது. டிரைவர் அந்த வாரத்தில் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு வரவே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார்.

முதல் கூட்டம் வந்தது. உறுதிமொழி எடுத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் குத்தியது. குறிப்பு வாசிக்குமுன் புது உறுப்பினர் பேசலாம் என்று செயலாளர் அழைத்ததும் எழுந்து நின்றாள். சமையலறையிலும் கடையிலும் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

"எங்க வீட்டு வாசல்ல ஒரு குழி இருக்கு. மன்றத்துல இருந்து வெட்டினது. என் வீட்டுக்காரர் நடக்கலைன்னா அவருக்குக் கால் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அதை மூடிக் குடுத்துடுங்க."

கூடத்தில் குறட்டைகூட நின்றது. செயலாளர் எழுந்தார். "அந்த இடத்துல குழி இல்லைன்னு உறுப்பினரே உறுதி குடுத்திருக்காங்க. பொறியாளரும் நேர்ல பார்த்து உறுதி செஞ்சிருக்காரு."

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

தலைவர் கையமர்த்தினார். "உறுப்பினர் பொய் சொல்வாங்கன்னு நான் கனவுலயும் நினைக்க மாட்டேன். அப்படி நினைச்சா இந்த அவையில யாரை நம்பறது? அவங்க அன்னிக்குச் சொன்னதும் உண்மை, இன்னிக்குச் சொல்றதும் உண்மை. அன்னிக்குக் குழி இல்ல. இன்னிக்கு இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? நடுவுல யாரோ வெட்டியிருக்காங்க!"

"ஐயோ, இல்லைங்க..."

"மன்றம் வெட்டலை. மன்றம் வெட்டின குழிதான் நீங்கிடுச்சே. வேற யாரும்மா உங்க வாசல்ல வந்து வெட்டப்போறாங்க? உங்க வீட்டு ஆளுங்கதான். பொதுத்தெருவுல அனுமதியில்லாம குழி வெட்டறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? பதவிக்கு வந்த முதல் நாளே இப்படியா? நாங்கள்லாம் பொறுத்திருந்து படிப்படியாத்தானே வந்தோம்!"

அந்த இடத்திலேயே தீர்மானம் வந்தது. வீட்டுக்காரர்கள் அந்தக் கள்ளக்குழியை உடனடியாகத் தங்கள் செலவில் மூட வேண்டும், தவறினால் வழக்குத் தொடரப்படும். அத்தனை கையும் காதுவரை உயர்ந்தது. பொறியாளருக்கு வாக்கு கிடையாது, ஆனாலும் இரண்டு கையையும் தூக்கினார். பிறகு நடவடிக்கைக் குறிப்பை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே வெட்டியவனுக்கு ஒன்றுமில்லை, மூடச் சொன்னவள் தலையில் பூதம் ஏறி உட்கார்ந்தது. உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வரும்போது குஷன்காரம்மா அழுதாள். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள். பொய் சொல்லி, கைதூக்கப் பழகி, கண்டவர்களுக்கும் வணக்கம் போட்டு, இருந்த ஒரு வாய்ப்பையும் கெடுத்துவிட்டு வருகிறோமே, இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது.

உத்தரவை அவர் மடியில் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க. நீங்களே படிங்க."

டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஐயோ, வலிக்குதுடி, சிரிக்க வைக்காத. நீ இதைப் படிச்சியா? 'உடனடியாக மூட வேண்டும்'னு போட்டிருக்கான். மூடச் சொல்லியிருக்கான்டி! வாத்தியார் மண்ணு கொட்டினப்ப மூடினாக் குத்தம்னான். இப்ப மூடலைன்னாக் குத்தம்னு முத்திரை குத்திக் குடுத்திருக்கான்."

அவள் வாங்கிப் படித்தாள். எழுத்தெல்லாம் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு பலகையைத் தாண்டி வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

அடுத்த நாள் தெருவே வந்து இறங்கியது. வாத்தியார் மண் கொண்டுவந்தார், இன்னொரு வீட்டில் இடித்துப்போட்ட செங்கல் இருந்தது, கூடையும் மண்வெட்டியும் வீட்டுக்கு வீடு இருந்தது. அன்றைக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போன அதே மேஸ்திரி, உத்தரவு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்க வந்து நிழலில் நின்றார். "நல்லா தண்ணி விட்டு இடிங்க, இல்லாட்டி அமுங்கிடும்" என்று தொழில் தெரிந்தவராக யோசனையும் சொன்னார். இத்தனை நாள் இழுத்த வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்து குஷன்காரம்மாவை ஓரமாக அழைத்தாள். "அக்கா, எங்க தெருவுல விளக்கெல்லாம் நல்லா எரியுதுன்னு மன்றத்துல எழுதிக் குடுத்துடறீங்களா? எரியலைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. எரியுதுன்னு ஆயிட்டா நாங்களே பல்பு மாட்டிக்குவோம்." அவளுக்குப் பின்னால் வாசலில் சாக்கடை அடைத்துக்கிடந்தவர்களும் குழாயில் தண்ணீர் வராதவர்களும் நின்றார்கள். எல்லோருக்கும் தங்களுக்குக் குறையில்லை என்று ஆகவேண்டியிருந்தது. சரி சரி என்று தலையாட்டினாள். உடம்பெல்லாம் மண்ணாக, உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் தலைவர் புகைப்படக்காரரோடு வந்தார். மூடிய இடத்தின் மேல் ஏறி நின்று காலால் அழுத்திப் பார்த்தார். "இதுதான் நான் கண்ட கனவு" என்றார். "மக்கள் வெட்டணும், மக்களே மூடணும். நிர்வாகம் நடுவுல வரவே கூடாது. இப்படி எல்லா வார்டும் ஆயிடுச்சுன்னா எங்களுக்கு ஓய்வு கிடைச்சுடும். சம்பளத்தை மட்டும் வாங்கிட்டு நிம்மதியா இருப்போம்." அவரே கைதட்டிக்கொண்டார், படம் எடுத்துக்கொண்டார், அறிவிப்புப் பலகையைப் பிடுங்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் நடச் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

எல்லோரும் போன பிறகு டிரைவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவள் வாக்கரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாள். எழுந்து வாசலுக்கு வரவே வெகுநேரம் ஆனது. படியை விட்டு இறங்கும்போது அவளுடைய தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாக்கரின் கால்கள் புது மண்ணில் கொஞ்சம் புதைந்தன. ஊன்றினார், நகர்ந்தார், நின்றார். கால் மடங்க மறுத்தது, இழுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. தெருமுனைவரை போய்வரலாம் என்று அவள் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு எவ்வளவு தப்பு என்று அப்போது தெரிந்தது. டாக்டர் சொன்ன நாட்களில் பெரும்பகுதி ஜன்னலோரத்திலேயே போய்விட்டிருந்தது.

நாலைந்து எட்டில் மண் முடிந்து தார்ரோடு வந்துவிட்டது. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. நின்று, கழுத்தை மட்டும் திருப்பி, தான் கடந்துவந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி மண்ணைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா அகலம்?" என்றார்.

அவள் முன்னால் போய், வாக்கரின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஓர் எட்டு வையுங்கள் என்று தலையால் கெஞ்சினாள்.

வைத்தார்.